சிறு சிறு படிகளில் ஒரு பாடம்

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது பழமொழி. கற்க இடர்ப்படும் குழந்தையிடம் இதனைப் பிரம்படி என்று பொருள்கொண்டோர் பலர். அம்மி நகரவில்லை, குழந்தையின் மனந்தான் நொந்தது. அடிக்காமல் நகர்த்தும் வழி ஒன்றை இங்கே காண்போம். பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பன்முறை பயிற்றுவதே 'டிஸ்கிரீட் டிரயல்' எனும் தனித்தனி முயற்சி முறை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக இம்முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலறிஞர் ஐவர் லோவாஸ். 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரத்திற்கு 40 மணி நேரம் தனிப்பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் வகுப்பை முடித்தனர். ஆயினும் வேண்டாத நடத்தைக்கு அதட்டலும், சிலவேளை தொடையில் அடியும் அங்கே இருந்தன. இன்று அவை தவறென ஒதுக்கப்பட்டுள்ளன.

ஒரு முயற்சிக்கு 5 உறுப்புகள் உண்டு. சிவப்பு நிறத்தைக் கற்பிப்பதாகக் கொள்வோம். மேசைமீது சிவப்புக் கிண்ணமும் நீலக் கிண்ணமும் வைக்கிறோம்.

1. ஏவல்: "சிவப்பைக் கொடு" என்று சுருக்கமாகச் சொல்கிறோம்.
2. உதவி: தேவையானால் குழந்தையின் கையை மெல்ல வழிநடத்துகிறோம்.
3. விடை: குழந்தை ஒரு கிண்ணத்தை எடுக்கிறாள்.
4. விளைவு: சரியெனில் உடனே பாராட்டு, அல்லது அவள் விரும்பும் பொருள். தவறெனில் கடிந்துகொள்ளாமல் சரியானதைக் காட்டி மீண்டும் முயல்கிறோம்.
5. இடைவெளி: சில விநாடிகள். அதற்குள் விடையைக் குறித்துக்கொள்கிறோம்.

உதவியைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். முதலில் கையைப் பிடிப்போம், பின்னர் முழங்கையைத் தொடுவோம், பின்னர் சுட்டிக்காட்டுவோம், இறுதியில் எதுவும் செய்யோம். கிண்ணங்களை இடம் மாற்றியும் வைக்க வேண்டும். இல்லையேல் அவள் கற்பது சிவப்பை அன்று, வலப்பக்கத்தை!

மேசையில் கற்றது மேசையோடு நின்றுவிடுவதே இம்முறையின் குறை. ஆகவே தோட்டத்துச் செம்பருத்தியிலும், தங்கையின் ரிப்பனிலும், அம்மா கேட்கும்போதும் அவள் சிவப்பை அறியச் செய்தல் வேண்டும். அவள் அழுதாலோ முகம் திருப்பினாலோ பாடத்தை நிறுத்துவதே முறை.

பத்து முறை தவறினால், "இவள் மக்கு" என்று சொல்லாதிருப்போம். படி பெரிதாகிவிட்டதா, உதவியை விரைந்து விலக்கினோமா என்று நம் குறிப்பேட்டைப் புரட்டுவோம். திருத்த வேண்டியது பெரும்பாலும் நம் பாடத்தையே.