ட்ரையர் எரியுது, கொழுந்தைக் காணோம்

மடுல்கெல்லையில் டிசம்பர் மழை பிடித்தால் லேசில் விடாது. நக்கிள்ஸ் மலை நாலைந்து நாளைக்குக் கண்ணில் படாது. பன்விலைக்கு இறங்கும் பஸ் வந்தால் வந்ததுதான். பள்ளிக்கூட விடுமுறையும் அதே மாதம் என்பதால் பிள்ளைகள் லயத்து இஸ்தோப்பிலேயே அடைந்து கிடப்பார்கள். எங்களிடம் ஒரு கரம் போர்டு உண்டு, ஸ்ட்ரைக்கருக்காக நடக்கும் சண்டையும் உண்டு. அப்படி ஒரு டிசம்பரில் கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். சொக்லேட் என்று ஓடிவந்த பிள்ளைகள் பெட்டியைப் பிரித்தால் உள்ளே கட்டுக்கட்டாக அட்டைகளும் 52 போளைகளும்.

விளையாட்டின் பெயர் கிஸ்மோஸ். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஃபில் வாக்கர்-ஹார்டிங் வடிவமைத்து 2018இல் வெளிவந்தது. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு கண்டுபிடிப்பாளர். அட்டைகளில் இருப்பவை விநோதமான இயந்திரங்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்தவுடன் "ரோபோ விளையாட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் லயத்தில் அதுதான் பெயர்.

ஆட்டம் இதுதான். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் போளைகள், நிறத்துக்கு 13. அவைதான் சக்தி. தொட்டியிலிருந்து சரிந்து வந்து ஆறு போளைகள் முன்னால் வரிசையாக நிற்கும். உங்கள் முறை வரும்போது நான்கில் ஒரு வேலை செய்யலாம்: வரிசையிலிருந்து ஒரு போளை எடுக்கலாம், கையிலுள்ள போளைகளைக் கொடுத்து ஓர் இயந்திரம் கட்டலாம், பிறகு கட்டிக்கொள்ள ஓர் அட்டையை ஒதுக்கி வைக்கலாம், கவிழ்த்து வைத்த அடுக்கிலிருந்து மூன்று அட்டைகளைப் பார்த்து, பிடித்த ஒன்றைக் கட்டவோ ஒதுக்கவோ செய்யலாம். கட்டிய இயந்திரம் அதன்பிறகு உங்களுக்காக வேலை செய்யும். "சிவப்பு எடுத்தால் தொட்டிக்குள் கைவிட்டு இன்னொரு போளை", "நீல இயந்திரம் கட்டினால் ஒரு புள்ளி" என்கிற மாதிரி. யாராவது 16 இயந்திரம் சேர்த்துவிட்டாலோ, உயர்ந்த நிலையான மூன்றாம் நிலையில் நான்கு கட்டிவிட்டாலோ அந்தச் சுற்றோடு ஆட்டம் முடிகிறது. புள்ளி அதிகம் உள்ளவர் வெற்றி.

தமிழ் மொழிமூலத்தில் படிக்கிற பிள்ளைகளோடு ஆட நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அட்டைகளில் எழுத்தே இல்லை, எல்லாம் குறியீடுகள்தான். விதிப்புத்தகம் மட்டும் ஆங்கிலம். நான் அதை வாசித்து, கொப்பித் தாளில் அரைப் பக்கத்துக்குத் தமிழில் எழுதி பெட்டி மூடியில் ஒட்டினேன். எடு, கட்டு, ஒதுக்கு, தேடு. இந்த நான்கு சொல்லையும் பிடித்துக்கொண்டு தரம் 5 படிக்கிற பிள்ளை இரண்டாவது ஆட்டத்திலேயே பெரியவர்களை ஓட்டிவிட்டது. பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

முதல் வாரம் முழுக்க நான் தோற்றேன். அழகான, விலை கூடிய மூன்றாம் நிலை இயந்திரங்களில் எனக்கு ஆசை. ஆறு போளை, ஏழு போளை விலை. அதில் ஒன்றைக் குறிவைத்து, ஒரு முறைக்கு ஒரு போளையாகச் சேர்த்துக்கொண்டிருப்பேன். கையில் ஐந்து போளைக்கு மேல் வைக்கவும் இடமில்லை என்பது பாதி வழியில்தான் உறைக்கும். அதற்குள் என் மருமகள், அக்கா மகள், எட்டு இயந்திரம் கட்டி வைத்திருப்பாள்.

அப்பா ஸ்டோரில் ரோலர் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "என்னாடா இது, ட்ரையர் எரியுது, கொழுந்தைக் காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தேயிலை ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மடுவத்தில் நிறுத்த பச்சைக் கொழுந்து லொறியில் வந்து இறங்கும். அதை விரித்துப் போட்டு வாட்டுவதற்கே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். பிறகு ரோலரில் அரைத்து, காற்றுப்பட்டு நிறம் மாற விட்டு, ட்ரையரில் காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். ட்ரையர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாட்டம் போடும் தட்டில் இடம் இல்லையென்றால் வந்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிக் கெட்டுப்போகும். இடம் இருந்து கொழுந்து இல்லையென்றால் விறகுதான் நட்டம். நான் கொழுந்தையும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. நேராக ட்ரையர் வாங்கப் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு என் ஆட்டம் மாறியது. முதல் ஐந்தாறு முறையில் ஒரு போளை விலையுள்ள முதல் நிலை அட்டைகளைத்தான் பார்ப்பேன். அவற்றிலும் "இந்த நிறம் எடுத்தால் இன்னொன்று" என்கிற வகையில் இரண்டு, இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் நல்லது. மூன்றாவதாக, போளை வைக்கும் இடத்தைக் கூட்டும் அட்டை ஒன்று. இது பார்க்கச் சோம்பலான அட்டை. கட்டியவுடன் எதுவும் நடக்காது, பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். ஆனால் இடம் நிறைந்த பிறகு வருகிற போளையை வைத்துக்கொள்ள முடியாது. அப்படி இழந்த போளைகளை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஒரே ஆட்டத்தில் ஏழு. ஒரு மூன்றாம் நிலை இயந்திரத்தின் விலை அது.

அடுத்தது சங்கிலி. மருமகளிடம் இரண்டு அட்டை இருந்தன. ஒன்று, கறுப்பு இயந்திரம் கட்டினால் வரிசையிலிருந்து ஒரு போளை எடுக்கலாம். மற்றது, மஞ்சள் எடுத்தால் தொட்டிக்குள்ளிருந்து ஒன்று இழுக்கலாம். அவள் ஒரு கறுப்பு இயந்திரத்தைக் கட்டினாள். அதனால் ஒரு மஞ்சளை எடுத்தாள். அதனால் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு நீலத்தை இழுத்தாள். ஒரு முறைக்குள் மூன்று காரியம். பல்லாங்குழியில் கடைசிக் காய் விழுந்த இடத்திலிருந்து அடுத்த குழியை அள்ளி, ஓட்டம் நிற்காமல் போகும்போது ஒரு சந்தோஷம் வருமே, அதே சந்தோஷம். அட்டைகளை வாங்கும்போது தனித்தனியாக எது நல்லது என்று பார்க்காதீர்கள். ஏற்கெனவே மேசையில் இருப்பது எதைத் தருகிறது, புதியது எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

இந்த இடத்தில் நாங்கள் இரண்டு வாரம் பிழையாக ஆடியதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டிக்குள் கைவிட்டு இழுப்பதையும் "எடு" என்றே கணக்கு வைத்திருந்தோம். அதனால் சிவப்பு வந்தால் இன்னொன்று, அதுவும் சிவப்பானால் இன்னொன்று என்று போளைகள் கொட்டின. ஒருநாள் அக்கா மகன் 13 சிவப்பில் பதினொன்றைத் தன் பக்கம் சேர்த்துவிட்டான். மழை நாளில் மூன்று பேர் அழுதார்கள். விதிப்புத்தகத்தை மறுபடி வாசித்தபோதுதான் தெரிந்தது: கண்ணால் பார்த்து வரிசையிலிருந்து எடுப்பது மட்டுமே "எடு". இழுப்பது வேறு. தவிர, ஓர் இயந்திரம் ஒரு முறையில் ஒரு தரம்தான் வேலை செய்யும். இவை இரண்டையும் தமிழில் எழுதி ஒட்டிய பிறகு வீட்டில் அமைதி.

ஒரே நிறத்தை நம்பாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஓர் ஆட்டத்தில் முதுகில் விழுந்தது. என் இயந்திரங்கள் பாதிக்கு மேல் நீலத்தில் ஓடின. அக்கா அதைக் கவனித்து, தனக்குத் தேவையே இல்லாத நீலப் போளைகளை எடுத்து அடைத்துக்கொண்டாள். மருமகனிடம் இரண்டு. மிச்சம் தொட்டிக்குள். ஆறு சுற்றுக்கு வரிசையில் நீலமே வரவில்லை. என் இயந்திரங்கள் சும்மா நின்றன. இந்த மலைகளின் பழைய கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். எங்கள் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் இலையில் செம்மஞ்சள் பொடியாக ஒரு பூஞ்சணம் தெரிந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போயின. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார் என்பதால் தோட்டங்களுக்குப் போக ஒரு வழி இருந்தது. நீங்களும் ஒரு நிறத்தை இன்னொன்றாக மாற்றித் தரும் அட்டையை ஆட்டத்தின் நடுவிலாவது ஒன்று கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்த விஷயம். இயந்திரம் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு அதை மேலும் மேலும் மெருகேற்றத் தோன்றும். ஒரு முறைக்கு நான்கு போளை வந்தால் ஐந்தாக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி ஒரு மத்தியானம் என் மேசையைப் பார்த்து நானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு போளையைத் தொட்டால் ஐந்து இயந்திரம் அசையும். மருமகனிடம் ஒரு போளை, இரண்டு போளை விலையில் சில்லறை அட்டைகள்தான். அவன் பதினாறாவதைக் கட்டி, "முடிஞ்சிருச்சு மாமா" என்றான். அவன் 34, நான் 29. என் கையில் செலவழிக்காத எட்டுப் போளைகள். கையில் மிஞ்சிய போளைக்குப் புள்ளி கிடையாது.

அப்பா அன்றைக்கும் அங்கேதான் இருந்தார். "நாளைக்கு விக்கப்போற தோட்டத்துல எவனாச்சும் இன்னைக்குப் புதுக் கன்னு நடுவானா?" என்றார். தேயிலைக் கன்று கொழுந்து தர மூன்று நான்கு வருடமாகும்.

இப்போது நான் மற்றவர்களின் அட்டைகளை எண்ணிக்கொண்டே ஆடுகிறேன். யாராவது பன்னிரண்டைத் தொட்டுவிட்டால், அல்லது மூன்றாம் நிலையில் இரண்டு கட்டிவிட்டால், போளை கொண்டுவரும் அட்டை எதையும் வாங்குவதில்லை. அதன்பிறகு புள்ளிக்குரிய அட்டை மட்டும். எங்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் இருபது சுற்றுக்குள் முடிந்துவிடுகின்றன. பத்தாவதில் வாங்கும் அட்டை தன் விலையைத் திருப்பித் தருமா என்று விரலை மடக்கிப் பார்த்தாலே போதும். எதிரில் இருப்பவர் மெதுவானவர் என்றால் நீங்களே சின்ன அட்டைகளாகக் கட்டி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கலாம். அதில் அநியாயம் எதுவும் இல்லை, அக்கா ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. போளைத் தொட்டி அட்டையால் செய்தது. எங்கள் பனிக்கு அது ஒரு மாதத்தில் நெளிந்து, போளைகள் பாதியில் நின்றன. பெட்டியை அடுப்படிப் பக்கம், புகை படாத உயரத்தில் வைக்கிறேன். வெயில் வந்தால் அரிசியோடு சேர்த்து வெளியே வைக்கிறேன். மேசைக்கு ஒரு பழைய கம்பளியை விரியுங்கள். நாங்கள் விரிக்காத நாளில் ஒரு மஞ்சள் போளை இஸ்தோப்பிலிருந்து உருண்டு கானுக்குள் போய், மழைத் தண்ணீரோடு ஹுலு கங்கைப் பக்கம் போயிற்று. வத்தேகமையில் வாங்கிய கண்ணாடிப் போளை ஒரு மயிரிழை பெரிது. தொட்டியின் வாயில் சிக்குகிறது. அது வந்து சிக்கினால் எல்லோரும் ஒரு தட்டுத் தட்டுவது இப்போது ஆட்டத்தின் ஒரு விதி.

பெட்டியில் இருந்த இயந்திரங்கள் அலுத்த பிறகு பிள்ளைகள் தாங்களே ரோபோ வரையத் தொடங்கினார்கள். பழைய கலண்டர் அட்டையை வெட்டி, மெழுகுப் பென்சிலால் நிறம் தீட்டி முப்பத்தாறு செய்துவிட்டார்கள். இதற்கு வெளிநாட்டிலிருந்து பெட்டி வர வேண்டியதில்லை. கலண்டரும் நாலு நிறப் போளையும் போதும். கால் விரலிடுக்கிலிருந்து இரத்தம் குடிக்கும் அட்டையைப் பிடுங்கும் ரோபோ. சரிவில் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறும் ரோபோ. பஸ் வருகிறதா என்று வளைவில் போய்ப் பார்த்து வந்து சொல்லும் ரோபோ. மருமகள் வரைந்தது தராசு ரோபோ. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும். தண்ணிக்கு, சாக்குக்கு என்று எதையும் கழிக்காது. விளையாட்டில் அதன் வேலை: எந்த நிறப் போளை எடுத்தாலும் இன்னொன்று தரும். விலை ஒரு போளை.

புதிய அட்டை செய்பவர்கள் முதலில் விழும் குழி இதுதான். அந்த ஒரு அட்டை கிடைத்தவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் வென்றார். மற்ற முப்பத்தைந்துக்கும் வேலை இல்லை. ஓர் அட்டையை எல்லோரும் எப்போதும் முதலாவதாக எடுக்கிறார்கள் என்றால் விலை குறைவு; ஒருவரும் தொடுவதில்லை என்றால் விலை கூட. நாலு ஆட்டம் ஆடி, யார் எதை எடுத்தார்கள் என்று கொப்பியில் கோடு போட்டுப் பார்த்தே விலை வையுங்கள். அப்படிப் பார்த்து நான் தராசு ரோபோவின் விலையை மூன்றாக்கினேன்.

"சரியா நிறுக்கிறதுக்கு ஏன் மாமா இவ்வளவு விலை?" என்றாள் மருமகள். அவள் அம்மா, என் அக்கா, கொழுந்தெடுக்கப் போகிறவள். ஒன்றும் பேசாமல் தன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலையை இரண்டாக்கிப் பார்த்தோம், ஆட்டம் கெட்டது. தராசு ரோபோ இப்போதும் மூன்று போளைதான்.