படகின் அடியில் ஒரு துளை: எந்த பிளாஸ்டிக்குக்கு எந்த சீலன்ட்?



ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் ஆரிஃபிஸ் கணக்கு நாம் எல்லோரும் போட்டிருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்தச் சூத்திரத்தை ஒரு தடவை படகுக்குப் போட்டுப் பார்ப்போமா? நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை. உள்ளே பாயும் நீரின் வேகம் விநாடிக்கு 3.13 மீட்டர். குணகம் 0.6 என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 0.92 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 55 லிட்டர். உள்ளே ஏறிய நீர் துளையை மூடும்வரை இதே வேகம்தான். ஒரு மணி நேரத்தில் 3,300 லிட்டர், மூன்று டன்னுக்கு மேல்! நடுக்கடலில் இருப்பவனுக்கு இது வெறும் அஞ்சு மார்க் கணக்கு இல்லை, உயிர்க் கணக்கு.

அப்படியானால் படகின் அடியில் துளை எதற்கு என்று கேட்பீர்கள். எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று, ஆழம் காட்டும் கருவியின் சென்சாருக்கு ஒன்று என்று துளைகள் தேவைப்படுகின்றன. முன்பெல்லாம் இந்த ஃபிட்டிங்குகள் வெண்கலத்தில்தான் வரும். உப்புநீரில் அரிக்காது, எடை குறைவு என்பதால் இப்போது பிளாஸ்டிக்கும் வருகிறது. ஃபிட்டிங்குக்கும் படகுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைப்பதுதான் சீலன்ட்டின் வேலை.

மரப்படகுக்கு நம் கடற்கரையில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அது மரத்துக்குச் சரி. பிளாஸ்டிக்குக்கு வேறு கணக்கு.

விடுமுறையில் ஒரு படகுப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ஏ.பி.எஸ். ஃபிட்டிங்கைக் கழற்றினார்கள். நட்டைச் சுற்றி முடி மாதிரி வெடிப்புகள். "மட்டமான சரக்கு தம்பி" என்றார் மேஸ்திரி. சரக்கில் மட்டும் குறை இல்லை என்று பிறகு படித்தபோதுதான் விளங்கியது. பி.வி.சி. பைப் ஒட்ட பிளம்பர் தடவும் சொல்யூஷனைப் பார்த்திருப்பீர்கள். அது பைப்பின் மேல்தோலைக் கரைத்துத்தான் ஒட்டவைக்கிறது. சில சீலன்ட்டுகளில் உள்ள கரைப்பானும் மென்மையாக்கியும் இதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. நட்டை இறுக்கியதால் பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே தகைவு இருக்கிறது. தகைவும் ரசாயனமும் கைகோத்தால் வெடிப்பு. அது அன்றைக்கே தெரியாது, பல மாசம் கழித்துத் தெரியும். அப்போது படகு எங்கே இருக்குமோ!

எனவே கடையில் "நல்ல சீலன்ட் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதற்கு முன், "என் ஃபிட்டிங் எந்த பிளாஸ்டிக்?" என்று பாருங்கள். பல ஃபிட்டிங்குகளின் உள்பக்கத்தில் பி.ஏ., பி.சி., ஏ.பி.எஸ். என்று பொருளின் குறியீட்டை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். குறியீடு இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் போடுங்கள். காற்று அடைபடாமல் போட்டும் மிதந்தால் அது பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். நைலான், ஏ.பி.எஸ்., பி.வி.சி. எல்லாம் மூழ்கும்.

இனி சீலன்ட் வகைகள்.

பாலிசல்ஃபைடு: 1926-ல் அமெரிக்காவில் பேட்ரிக், ம்னூக்கின் என்ற இருவர் மலிவான உறைவுத் தடுப்பான் தயாரிக்க முயன்றபோது கிடைத்த நாற்றம் பிடித்த ரப்பர் இது. தயோகால் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் கந்தகம், பசை என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நீருக்கடியில் நன்றாக நிற்கும், பிறகு கழற்றவும் முடியும். நைலானுக்கும் அசிட்டாலுக்கும் சரி. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், அக்ரிலிக், பி.வி.சி. பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

பாலியூரித்தேன்: பிடித்தால் உடும்புப்பிடி. ஃபிட்டிங்கை மாற்ற நேர்ந்தால் படகின் தோலும் சேர்ந்து பெயரும். கண்ணாடி இழை கலந்த நைலானுக்கு ஏற்றது. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், அக்ரிலிக் இவற்றுக்கு இதுவும் ஆகாது.

சிலிக்கோன்: "மீன் தொட்டியே இதில்தானே ஒட்டுறாங்க, படகுக்கு ஏன் ஆகாது?" நல்ல கேள்வி. தொட்டி கண்ணாடி, ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கண்ணாடியோடு சிலிக்கோனுக்கு நல்ல உறவு. படகோ அதிர்ந்துகொண்டே இருக்கும், பிளாஸ்டிக்கில் சிலிக்கோனின் பிடிப்பும் குறைவு. அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்டும் ஒட்டாது. ஆனால் பிளாஸ்டிக்கைத் தின்னாது. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே, அக்ரிலிக் ஜன்னல் மாதிரி இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஹைபிரிட் எனப்படும் எம்.எஸ். பாலிமர்: பெரும்பாலும் கரைப்பான் இல்லாதது, பல பிளாஸ்டிக்குகளோடு ஒத்துப்போகும். ஆனாலும் "நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தலாம்" என்ற வரியும், உங்கள் பிளாஸ்டிக்கின் பெயரும் தயாரிப்பாளர் குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டிலும் இவை எதுவும் உருப்படியாக ஒட்டாது. அங்கே ரப்பர் கேஸ்கெட்டின் அழுத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

சீலன்ட்டை விட முக்கியமான இரண்டு சேதிகள். சாதாரண வெள்ளை நைலான், பி.வி.சி. ஃபிட்டிங்குகள் நீர்மட்டத்துக்கு மேலேதான். அடியில் போடுவதற்குக் கண்ணாடி இழை கலந்து, அதற்கென்றே செய்தது வேண்டும். மரப்படகின் அடியில் பிளாஸ்டிக் சென்சார் உறை வேண்டாம். மரம் நீரில் ஊதி அதை நெரித்து உடைத்துவிடும். அங்கே வெண்கலம்தான்.

மாட்டும் முறை: பழைய பசையைச் சுரண்டி, லேசாக உப்புத்தாள் போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்குக்கு எமன். சீலன்ட்டைச் சுற்றிலும் விடுபடாமல் தடவி, ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கையால் திருகுங்கள். சீலன்ட் சுற்றிலும் சீராகப் பிதுங்கினால் போதும். ஸ்பானரில் குழாயைச் சொருகி பலம் காட்டினால் சீலன்ட் மொத்தமும் வெளியே வந்துவிடும், பிளாஸ்டிக்கில் தகைவும் ஏறும். முழுசாக இறுகும்வரை படகை இறக்காதீர்கள். வழக்கமான பாலியூரித்தேனுக்கு ஒரு வாரம் வரை ஆகும்.

படகு இறங்கியதும் ஃபிட்டிங்கைச் சுற்றி உலரத் துடைத்து, டார்ச் அடித்து ஒரு மணி நேரம் கவனியுங்கள். துளைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றை அதன் பக்கத்திலேயே கயிற்றில் கட்டி வையுங்கள். ஃபிட்டிங் உடைந்தால் அந்த நேரத்தில் சுத்தியலும் கட்டையும்தான் துணை.

படிப்பு முடிந்து நம்மில் சிலராவது துறைமுகத்துக்கோ படகுப் பட்டறைக்கோ வேலைக்குப் போவோம். மேஸ்திரி கையில் கிடைத்த டியூபை எடுக்கும்போது, "அண்ணே, இது என்ன பிளாஸ்டிக்னு ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அரை நிமிஷ வேலை. அந்தப் படகில் நாலு பேர் கடலுக்குப் போகிறார்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை