பிள்ளைகளுக்கெனச் சேர்ந்த பணம்: ஒரு சிறு தருமத்தின் கணக்கைப் பார்க்கும் முறை

ஹட்டன் நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் வேளையில் தொழிலாளப் பெண்களின் பார்வை எங்கே நிலைத்திருக்கும் என்பதைக் கண்டோர் அறிவர். தராசின் முள்ளையும் கணக்கப்பிள்ளையின் எழுதுகோலையும் அவர்கள் மாறி மாறி நோக்குவர். கூடைக்கென எத்தனை கிலோ கழிகின்றது, ஈரத்துக்கென எத்தனை கழிகின்றது என்பதில் அவர்களை ஏய்த்தல் எளிதன்று. எழுத்தறியாத மூதாட்டியும் தன் கொழுந்தின் நிறையை அறிவாள். ஆயின், அவள் பேரப்பிள்ளைக்கெனக் கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் தருமப் பணத்துக்கு அத்தகைய தராசு பெரும்பாலும் இருப்பதில்லை. கொடுப்பவர் தொலைவில் உள்ளார், பெறுபவர் குழந்தை. என்ன வந்தது, என்ன போனது என்பதை இடையில் நிற்பவர் ஒருவரே அறிவார்.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் மலைநாட்டுச் சிறுவர் தருமங்களுக்குப் பொருளுதவி செய்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் பொருட்டு, ஹட்டனுக்கு அண்மையில் இயங்கிய சிறு சங்கம் ஒன்றின் ஏடுகளைப் பார்வையிடும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு வாய்த்தது. சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அறுபது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, ஒரு வேளைச் சிற்றுண்டி, ஆண்டுத் தொடக்கத்தில் கொப்பியும் பையும் வழங்குதல் ஆகியனவே அதன் பணி. தலைவர் இளைப்பாறிய ஆசிரியர். தமக்கென ஒரு சதமும் எடுத்தாரல்லர். எனினும் சங்கப் பணம் முழுவதும் அவர் சொந்தப் பெயரிலிருந்த வங்கிக் கணக்கிலே கிடந்தது. அவர் நோயுற்று மருத்துவமனையிற் கிடந்தபொழுது பணம் எடுக்க வேறொருவர்க்கு உரிமையில்லை. ஏழு வாரம் சிற்றுண்டி நின்றது. வங்கியிலே பணம் இருக்கவே பிள்ளைகள் வெறுவயிற்றோடு வகுப்பிலிருந்தனர். அவர் இறந்திருப்பின் அப்பணம் அவருடைய வழித்தோன்றல்களின் முதுசமாகக் கணிக்கப்பட்டு, நீதிமன்றப் படியேறியிருக்கவும் கூடும்.

ஆதலின் முதல் வினா, "இவர் நல்லவரா?" என்பதன்று. பணம் எவர் பெயரில் உள்ளது, காசோலையில் எத்தனை பேர் கையொப்பமிடுகின்றனர், அவர்கள் ஒரே வீட்டாரா என்பனவே முதலிற் கேட்கத்தக்கவை. கணவனும் மனைவியும் இரு கையொப்பமிடுதல் ஒரு கையொப்பத்துக்கே சமம்.

பதிவைப் பற்றியும் சிறிது கூறுவோம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்து மேற்பார்வை செய்ய வழிவகுத்தது. நிதி மோசடி விசாரணையிற் புலப்படின் இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கும் அதிகாரத்தை 1998ஆம் ஆண்டின் திருத்தம் அதனோடு சேர்த்தது. பிள்ளைகளைத் தங்கவைத்து வளர்க்கும் இல்லமாயின், மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பதிவும் வேண்டும். 1941ஆம் ஆண்டிலேயே அநாதை இல்லங்களுக்கெனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டமை காண்க. பதிவுப் பத்திரம் சுவரிலே சட்டமிட்டுத் தொங்குவது நன்றே. ஆயின் அது கதவைத் திறக்கும் சாவி மாத்திரமே. உள்ளே என்ன இருக்கின்றது என்பதை ஏடுகளே கூறும்.

ஏடுகளை எவ்வாறு பார்ப்பது? கணக்காய்வு கல்லாதவரும் செய்யத்தக்க வழியொன்றுண்டு. நீர் கொடுத்த ஒரு தொகையையே தெரிந்தெடுத்துப் பின்தொடர்க. மார்ச்சு மாதத்தில் நீர் அனுப்பிய பணம் எந்நாளில் வங்கிக் கூற்றிலே வந்தது? எத்தனை ரூபாவாயிற்று? எவ்விலக்கப் பற்றுச்சீட்டு எழுதப்பட்டது? காசேட்டில் எப்பக்கத்திற் பதியப்பட்டது? பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளிலே இலக்கம் தொடர்ந்து வருகின்றதா, இடையில் இதழ் கிழிந்துள்ளதா? பின்னர் செலவுப் பக்கம் திரும்பி, உறுதிச்சீட்டு ஒன்றைக் கையிலெடுத்து, அதிற் கண்ட பொருள் அலுமாரியில் உள்ளதா என நோக்குக. இவ்வாறு வரவில் மூன்றும் செலவில் மூன்றும் பார்த்தால், அச்சிட்ட ஆண்டறிக்கை கூறாத பலவும் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சந்தையிலே மரக்கறி விற்கும் கிழவி பட்டியல் எழுதிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கீரைக்கட்டுக்கும் கடைச்சீட்டுக் கேட்கும் கொடையாளர், பொய்ச்சீட்டு எழுதவே சங்கத்தைப் பழக்குகின்றனர். வாங்கியவரும் உடன்சென்றவரும் ஒப்பமிட்ட துண்டொன்று போதும். சிறு சங்கத்திடம் பெருங் கம்பனியின் ஒழுங்கைக் கேட்பது நியாயமன்று.

இனி, நிருவாகச் செலவு என்னும் பூச்சாண்டியைப் பார்ப்போம். "நூற்றுக்கு எத்தனை நிருவாகத்துக்குப் போகின்றது?" என்று வினாவுவதே கணக்குப் பார்த்தல் எனப் பலர் கருதுகின்றனர். மாலை வகுப்பு நடத்தும் சங்கத்தில் ஆசிரியையின் வேதனம் நிருவாகமா, தருமமா? அவளின்றி வகுப்பேயில்லை. கணக்கெழுதுபவருக்கு ஒரு சிறு தொகை கொடுத்தல் வீண்செலவா? "ஒவ்வொரு சதமும் பிள்ளைகளுக்கே" எனப் பறைசாற்றும் இடத்தில் வாடகையையும் தபாற்செலவையும் வேறெவரோ கொடுக்கின்றனர், அல்லது அவை வேறு தலைப்பின் கீழ் ஒளிந்துள்ளன. யாம் அத்தகைய வாக்கியத்தைக் கண்டால் ஐயுறுவதே வழக்கம்.

ரூபாக் கணக்கு மாத்திரம் பார்ப்போர் ஏமாறவும் கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அதே நன்கொடை ஏட்டிலே பெருகித் தோன்றிற்று. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. வரவு உயர்ந்ததெனச் செயற்குழு மகிழ்ந்திருந்த சங்கங்களிலும் பிள்ளையின் தட்டிலே பருப்புக் குறைந்திருத்தல் கூடும். எனவே ரூபாவோடு பிள்ளையையும் எண்ணுதல் வேண்டும்: இவ்வாண்டு எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை நாள், எத்தனை வேளை?

சேமநிதி பற்றிய பாடத்தை இலண்டன் மாநகரம் தருகின்றது. 1996இல் அங்கே சிறிதாகத் தொடங்கிய 'கிட்ஸ் கம்பனி' என்னும் சிறுவர் தருமம் அரசாங்கத்தின் பெருநிதியையும் புகழையும் பெற்று வளர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது திடீரென மூடப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே 30 இலட்சம் பவுண் அரசாங்கக் கொடை பெற்றிருந்தது. அதன் அறங்காவலர்மேல் நேர்மையீனம் சாட்டப்படவில்லை. அவர்களைப் பணிப்பாளர் பதவிக்குத் தகுதியற்றோராக்கக் கோரிய வழக்கையும் 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. எனினும் வந்த பணத்தை வந்தவாறே செலவிட்டு, இடர்காலத்துக்கெனப் போதிய இருப்பு வையாமையால், அதனை நம்பியிருந்த பிள்ளைகள் ஒரே நாளில் கைவிடப்பட்டனர். ஹட்டனிலுள்ள சிறு சங்கத்துக்கு மூன்று மாதச் செலவுக்கான இருப்பு வேண்டும் என்பது எம் கருத்து. கூரை ஒழுக, நிலையான வைப்பு மாத்திரம் ஆண்டுதோறும் வளருமாயின் அதுவும் குற்றமே.

சிறுவர் இல்லங்களைப் பொறுத்தவரை மற்றொரு வினாவும் உண்டு. இந்நாட்டு இல்லங்களிலுள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோர் தாயோ தந்தையோ உயிரோடுள்ளவர். வறுமையே அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகின்றது. மலைநாட்டிலே தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றதனால் இல்லம் புகுந்த பிள்ளைகளும் உளர். தலைக்கு இவ்வளவு எனக் கொடையாளர் பணம் கொடுப்பாராயின், ஒரு பிள்ளை வீடு திரும்புவது இல்லத்துக்கு நட்டமாகத் தோன்றும். ஆதலின் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதோடு, எத்தனை பேர் குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தனர் என்றும் கேட்க. வீட்டிலிருந்தே படிக்க அப்பிள்ளைக்கு என்ன செலவாகும் என்பதையும் எழுதிக் கேட்க.

முன்னர்க் கூறிய சங்கத்தார் தலைவர் நலம்பெற்றதும் சங்கப் பெயரிலே கணக்குத் திறந்தனர். மூவருள் இருவர் ஒப்பமிடும் ஒழுங்கும் வந்தது. அடுத்த ஆண்டு வரவுசெலவை ஆங்கிலத்தில் அச்சிட்டு அனுப்புவதோடு நில்லாது, தோட்டத்துக் கோயில் முன்றிலிலே தமிழில் உரக்க வாசித்தனர். யாமும் அங்கிருந்தோம். அறுபது புத்தகப்பை வாங்கியதாகத் தலைவர் வாசித்தபொழுது, பின்வரிசையிலிருந்த தாயொருத்தி எழுந்தாள்.

"மாஸ்டர், எங்கட லயத்தில ரெண்டு பிள்ளைக்குப் பை வரல்லியே?"

தலைவர் திகைத்தார். பைகள் ஐம்பத்தெட்டே வழங்கப்பட்டிருந்தன. எஞ்சிய இரண்டும் அலுமாரியின் மேற்தட்டிலே இருந்தன. பெயர்ப்பட்டியலை எடுத்தவர் ஒரு பக்கத்தைத் திருப்பாது விட்டிருந்தார். அன்று மாலையே பைகள் அப்பிள்ளைகளின் கைக்குச் சென்றன. பொருளிருப்பு ஏடு ஒன்று தொடங்கப்பட்டு, அதன் முதல் வரியிலே அத்தாய் ஒப்பமிட்டாள்.