வயிறும் நெஞ்சும் பக்கத்து வீடு



சங்கக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் பைசா பாக்கி இல்லாமல் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் நம்ம உடம்புக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்ப்பதில்லை. "மாரடைப்பு ஆம்பளைங்களுக்கு வர்ற வியாதி, நமக்கு எங்க வரப்போகுது?" என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். இது தவறு. பெண்களுக்கும் மாரடைப்பு வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்த ஆபத்து கூடுகிறது. உலக அளவில் பெண்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது இதய, இரத்தக்குழாய் நோய்கள்தான்.

நெஞ்சைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி நம் அடுப்படியிலும் அன்றாடப் பழக்கத்திலும் இருக்கிறது. எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

குடலில் குடியிருப்பவர்கள்

பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் விடிவதற்குள் தயிராகிவிடுகிறது. அந்த வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். நம் பெருங்குடலிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. இவற்றுக்கு முக்கிய உணவு நார்ச்சத்து. கீரை, காய், பயறு, சிறுதானியம் இவற்றில் உள்ள நாரை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைத்துச் சில நல்ல அமிலங்களைச் செய்கின்றன. அவை குடலின் உள்சுவரைப் பலமாக வைக்கின்றன. உடம்புக்குள் உண்டாகும் அழற்சியையும் குறைக்க உதவுகின்றன. இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவதற்கு இந்த அழற்சியும் ஒரு காரணம்.

நார்ச்சத்து இன்னொரு வேலையும் செய்கிறது. நம் கல்லீரல், கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பை வைத்துத்தான் பித்தநீரைச் செய்கிறது. வெந்தயத்தை ஊற வைத்தால் வழவழவென்று வருமே, அதுபோன்ற கரையும் நார், குடலில் பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தநீர் செய்ய, கல்லீரல் இரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அதனால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது. வயிற்றுக்குப் போட்டது நெஞ்சுக்கு வரவாகிறது!

எதில் எவ்வளவு நார்?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியல்படி, 100 கிராமில் உள்ள நார்ச்சத்து இது:

தீட்டிய அரிசி – 3 கிராமுக்கும் குறைவு
சோளம் – சுமார் 10 கிராம்
கேழ்வரகு, கம்பு – சுமார் 11 கிராம்
முருங்கைக்கீரை – சுமார் 8 கிராம்
கொய்யாப்பழம் – சுமார் 8 கிராம்

பாருங்கள், இதில் எதுவும் டவுன் கடையில் போய் வாங்க வேண்டிய பொருள் இல்லை. முருங்கை கொல்லையிலேயே நிற்கிறது. வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகுக் களியோ கம்மங்கூழோ செய்யலாம். மாலையில் வடை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் போடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரும் கூடக் குடியுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

பழைய சோற்றிலும் வீட்டு மோரிலும் நல்ல நுண்ணுயிரிகள் உண்டு. ஆனால் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடும் ஊறுகாயும் வைத்தால் உப்பு ஏறிவிடும். சின்ன வெங்காயம் போதுமே.

இன்னொன்று. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? நாம்தான். பொரியலும் கூட்டும் பிள்ளைகளுக்கும் அவருக்கும் போய்விடும். மிச்சம் இருக்கும் சோற்றையும் குழம்பையும் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவோம். சோறு நிறைய, காய் இல்லை! பரிமாறும் முன்பே நம் பங்குக் காயை ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். இது சுயநலம் இல்லை, சகோதரிகளே. இதுவும் சேமிப்புதான்.

உப்புக் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்பு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீருகிறது? பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, கடை மிக்சர் இவற்றில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் சேராது. அதனால் பாக்கெட் 50 நாளையும் தாண்டி வந்தால்தான் நல்லது.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை அதிகமாகும். பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மெஷின் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

மாற்ற வேண்டிய பழக்கங்கள்

• கழிப்பறை வசதி இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வந்ததை அடக்குவது: மலம் இறுகும். முக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கேட்பது நம் உரிமை.

• வெற்றிலையோடு புகையிலை: வாய்க்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் கெடுதல். வீட்டுக்காரர் விடும் பீடிப் புகையும் விறகடுப்புப் புகையும் அப்படியே.

• ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது: நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கு உடல் உழைப்பு இருக்கிறது. தையல், பீடி சுற்றுதல், தீப்பெட்டி ஒட்டுதல் என்று உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது வேகமாக நடக்க வேண்டும்.

• மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது: நோய்க்கிருமியோடு குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளும் சாகும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

• பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது: கெட்ட கொழுப்பு உண்டாகும். பலகாரக் கடை நடத்தும் குழுக்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

"வெறும் வாயுதான்" என்று விடாதீர்கள்

இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி. இரைப்பைக்கு மேலே, நடுவில் ஒரு தசைத் தடுப்பு மட்டும் இருக்க, அதன் மேல் இதயம் இருக்கிறது. வயிறும் நெஞ்சும் பக்கத்து வீடு. அதனால் மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று வலியாக, நெஞ்செரிச்சலாக, வாந்தி வருவதுபோலத் தெரியும். நாம் "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா குடிப்போம், ஓமத் தண்ணீர் குடிப்போம், பெருங்காயம் போட்ட மோர் குடிப்போம், படுத்துக்கொள்வோம். அதற்குள் நேரம் போய்விடும். இரத்தக்குழாய் அடைபட்டு ஒவ்வொரு நிமிடம் போகும்போதும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கிறது.

கீழே உள்ளவை திடீரென்று வந்தால் வாயு என்று ஒதுக்கக் கூடாது:

• நெஞ்சில் பாரம், இறுக்கம், அழுத்தம்
• வலி தோள், கை, தாடை, முதுகுக்குப் பரவுவது
• குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது
• காரணமில்லாத அசதி, மயக்கம், குமட்டல்

பெண்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே மூச்சுத் திணறல், அசதி, குமட்டல், முதுகுவலி மட்டும் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலி சரியாகத் தெரியாமல் போகலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நடக்க வைக்காதீர்கள். டூ வீலரில் நடுவில் உட்கார வைத்து அழைத்துப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். போய்ப் பார்த்து அது வாயுதான் என்று தெரிந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். "செலவாகுமே, அவர் வரட்டும், பிள்ளை வரட்டும்" என்று காத்திருந்தால் திரும்ப முடியாமல் போகலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் கடைசியாக பி.பி., சர்க்கரை பார்த்தது யார் யார்? எப்போது?
2. ஒரு கிலோ உப்பு யார் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?
3. நம்மில் எத்தனை பேர் தினமும் தனக்கென்று காய் எடுத்துச் சாப்பிடுகிறோம்?
4. ராத்திரி நேரத்தில் ஒரு உறுப்பினருக்கு நெஞ்சு வலி என்றால் யாருக்குப் போன் செய்வது? கூடப் போவது யார்? அவசரக் கடன் எப்படிக் கொடுப்பது?

நாலாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்து போய் பி.பி., சர்க்கரை பார்த்து வரலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களும் குழுவாகப் போனால் வருவார்கள். பார்த்த தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கடன் கணக்கோடு அந்த நோட்டையும் எடுத்துப் பாருங்கள்.