இல்லாத தீவும் இடித்த கட்டடமும்

நம்பிக்கை: டிஜிட்டல் வரைபடம் புதியது, அதனால் அதிலுள்ள தகவலும் புதியது.

பவளக் கடலில், நியூ கலிடோனியாவுக்கு மேற்கே, சாண்டி என்றொரு தீவு 2012 நவம்பர் வரை கூகுள் வரைபடத்தில் இருந்தது. 1876இல் வெலாசிட்டி என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் பார்த்ததாகச் சொன்ன தீவு அது. ஆஸ்திரேலியாவின் ஆய்வுக் கப்பலான சதர்ன் சர்வேயர் அங்கே போய்ப் பார்த்தபோது தீவைக் காணோம். 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடல்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1970களிலேயே தங்கள் கடல் வரைபடங்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய காகித வரைபடங்களைக் கணினியில் ஏற்றியபோது தீவும் கூடவே ஏறிக்கொண்டது. ஒரு தரவுத்தொகுப்பிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று எனப் பரவியும் விட்டது.

நம்பிக்கை: இடித்த கட்டடத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிடுவதே முறை.

சாண்டி தீவுக்கு இது சரி. அது ஒருநாளும் இருந்ததில்லை. நேற்று வரை இருந்த கட்டடத்தின் கதை வேறு. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பலர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். அந்தப் படம் சில ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். உள்ளூர்க்காரர் அழித்த கட்டடத்தை, எங்கோ உட்கார்ந்திருக்கும் நல்ல மனசுக்காரர் ஒருவர் ‘விட்டுப்போயிற்றே’ என்று மறுபடி வரைந்துவிடுவார். அதனால்தான், படத்தில் இன்னும் தெரிகிற கட்டடம் என்றால், ‘இடிக்கப்பட்டது’ என்ற குறிப்போடு உருவத்தை விட்டுவைக்கிறார்கள். பயனர் பார்க்கும் வரைபடத்தில் அது வராது, திருத்துபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். புதிய படம் வந்தபின் தாராளமாக நீக்கலாம். அப்போதும் பழைய பதிப்புகள் வரலாற்றில் இருக்கும், வேண்டுமானால் மீட்கலாம்.

நம்பிக்கை: ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒன்று நகல்.

ஒரே கடை புள்ளியாகவும் கட்டட உருவமாகவும் இரண்டு முறை பதிவாகியிருந்தால் நகல்தான். சாலையின் இருபுறமும் ஒரே பெயரில் நிற்கும் பேருந்து நிறுத்தங்கள் நகல் அல்ல. நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலையை இரண்டு கோடுகளாக வரைவதும் அப்படித்தான்.

நம்பிக்கை: குப்பையைக் கணினியே ஒரேயடியாக வாரிவிடும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ‘டைகர்’ சாலைத் தரவை 2007, 2008இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்தமாக ஏற்றினார்கள். கணக்கெடுப்புக்காகத் தயாரான தரவு என்பதால் பல சாலைகள் இடம் தள்ளிக் கிடந்தன. பண்ணைப் பாதையெல்லாம் குடியிருப்புத் தெருவாகப் பதிவாகியிருந்தது. அதோடு வந்த குறிச்சொற்களில் பதிவேற்ற அடையாள எண் போன்றவை சுத்தமாகத் தேவையற்றவை. ஒருவர் அந்தச் சாலையைத் திருத்திச் சேமிக்கும்போது முக்கியமான திருத்தக் கருவிகள் அவற்றைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடுகின்றன. ‘சரிபார்க்கப்படவில்லை’ என்ற இன்னொரு குறியும் பார்வைக்குக் குப்பைதான். ஆனால் அந்தச் சாலையை மனிதர் யாரும் இன்னும் சரிபார்க்காமல் இருக்கலாம் என்று எச்சரிப்பது அதுதான். நிரல் எழுதி அதை மொத்தமாக நீக்கினால் சாலை திருந்தாது, எச்சரிக்கைதான் போகும். மொத்தத் திருத்தம் செய்யும் முன் சமூகத்தில் விவாதிக்க வேண்டும் என்ற விதி சிலருக்கு எரிச்சல். எனக்கு அது குறைந்தபட்ச மரியாதையாகவே படுகிறது.

நம்பிக்கை: எதையும் மாற்றாவிட்டால் அது பராமரிப்பே இல்லை.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற கைபேசிச் செயலி, நெடுநாள் திருத்தப்படாத கடையின் அருகே நிற்பவரிடம் ‘இது இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்கும். ‘ஆமாம்’ என்றால், சரிபார்த்த தேதி மட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் பதிவாகும். அதுவும் பராமரிப்புதான்.