"பி.எஃப். பிடிக்கிறாங்க, பென்ஷன் வரும்": ஓய்வுக்காலம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் ஓய்வுக்காலத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "மாசாமாசம் பி.எஃப். பிடிக்கிறாங்க, ரிட்டையர் ஆனா பென்ஷன் வரும்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அப்பாவோ பெரியப்பாவோ ஆசிரியராகவோ ரயில்வே ஊழியராகவோ இருந்து, கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாக வாங்கியதையும், ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறியதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழைய பென்ஷன் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போனது. ராணுவம் நீங்கலான மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி முதல் நின்றது. தனியார் துறையில் பெரும்பாலோருக்கு அது என்றுமே இருந்ததில்லை.

தனியார் ஊழியர்களுக்கு உள்ளது, 1995-ல் தொடங்கிய இ.பி.எஸ். என்னும் பென்ஷன் திட்டம். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. அதுவும் முழுச் சம்பளத்தில் அல்ல. 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. உங்கள் சம்பளம் 60,000 ஆனாலும் பென்ஷன் கணக்கில் மாதம் சேர்வது 1,250 ரூபாய்.

கிடைக்கப்போகும் பென்ஷனை நீங்களே கணக்கிடலாம். பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 30 வயதில் சேர்ந்து 58 வரை 28 ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு, 20 ஆண்டு தாண்டியதற்காகக் கூடுதலாக 2 ஆண்டுகள் சேர்த்து 30 என்று வைத்துக்கொண்டால், வருவது சுமார் 6,428 ரூபாய். 2014-க்கு முந்தைய ஆண்டுகள் அதில் இருந்தால் இன்னும் குறையும், ஏனென்றால் அப்போது உச்சவரம்பு 6,500. விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது, அகவிலைப்படியும் கிடையாது. அவர் காலமான பிறகு மனைவிக்கு அதில் பாதி. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்.-ல் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000-க்கு மேல் இருந்தவர்களுக்கு இந்தப் பென்ஷன் அறவே இல்லை. அவர்களுக்கு நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்கிலேயே சேரும்.

"வேலை மாறும்போது பி.எஃப்.-ஐ எடுத்தா என்ன? நம்ம காசுதானே?"

உங்கள் காசுதான். ஆனால் இங்கேதான் பெரிய நஷ்டம் நடக்கிறது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் வேலை மாறுகிற இளைஞர்கள் பழைய கணக்கை முடித்துவிட்டு, அந்தப் பணத்தில் பைக் வாங்குகிறார்கள், தங்கை கல்யாணத்துக்குக் கொடுக்கிறார்கள், கடனை அடைக்கிறார்கள். அந்தத் தேவைகளை நான் குறைசொல்லவில்லை. 32 வயதில் எடுக்கும் 3 லட்சம், ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்தாலும், 58 வயதில் சுமார் 22 லட்சமாக இருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். 2024-25-ல் பி.எஃப். வட்டி 8.25 சதவீதம்.

பணம் போவதோடு பணிக்காலமும் போகிறது. மாதப் பென்ஷன் வாங்கக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். ஒருவர் மூன்று நிறுவனங்களில் 5, 6, 7 ஆண்டுகள் வேலை பார்த்தார் என்று கொள்வோம். மொத்தம் 18 ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் பணத்தையும் வாங்கியிருந்தால், அவர் கணக்கு மூன்று தடவை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும், 10 ஆண்டை எட்டியே இருக்காது. எத்தனை வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என். ஒன்றே இருக்கும்போது பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே சரியான வழி. சில காலம் வேலையில்லாமல் இருக்க நேர்ந்தாலும், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் பணிக்காலம் காப்பாற்றப்படும்.

பி.எஃப். இல்லாத தையல்காரர்கள், ஓட்டுநர்கள், கடை ஊழியர்கள் என்ன செய்வது? 18 முதல் 40 வயதுக்குள் அடல் பென்ஷன் யோஜனாவில் சேரலாம். 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வேண்டுமானால், 25 வயதில் சேருபவர் மாதம் 376 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருபவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். தனக்குப் பின் கணவருக்கோ மனைவிக்கோ அதே பென்ஷன் தொடரும். வருமான வரி கட்டுபவர்கள் மட்டும் 2022 அக்டோபர் முதல் இதில் சேர முடியாது.

"முப்பது லட்சம் வரும். பேங்க்ல போட்டா வட்டியிலேயே காலம் ஓடிடும்."

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீதம் வட்டியில் ஆண்டுக்கு 2,46,000, அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய். முதல் சில ஆண்டுகள் நிம்மதியாகவே போகும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 20,000-க்கு நடக்கும் குடும்பத்துக்கு 12 ஆண்டுகளில் 40,000 வேண்டும், 24 ஆண்டுகளில் 80,000 வேண்டும். அசலும் வட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் முழுத் தொகையையும் வைப்பு நிதியிலேயே முடக்கிவிடுவது பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கானதை வங்கியிலும், பெரும் பகுதியைத் தபால் அலுவலகத் திட்டங்களிலும் வைத்துவிட்டு, பத்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத ஒரு பகுதியையாவது பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் வைக்க வேண்டும். வங்கியில் போடும்போதும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதை மறக்கக் கூடாது.

"பிள்ளைங்க பார்த்துப்பாங்க" என்ற நம்பிக்கையைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம் என்று நம்புகிறேன். ஆனால் அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது. வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், கடைசிவரை பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரத்தோடு அலைவது பெரும்பாடு.

"நாற்பத்தஞ்சு வயசாச்சு, இனிமே என்னத்தச் சேக்குறது?" என்பவர்களுக்கு. 25 வயதில் தொடங்கி மாதம் 5,000 ரூபாயை 8 சதவீத வருமானத்தில் சேர்த்தால் 60 வயதில் சுமார் 1 கோடியே 14 லட்சம். 45-ல் தொடங்கினால் அதே 5,000 தருவது சுமார் 17 லட்சம். வித்தியாசம் பெரிதுதான். அந்த 17 லட்சமும் இல்லாத 60 வயதை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்கும். உங்கள் முதுமைக்கு எந்த வங்கியும் அப்படிக் கடன் தராது.

இந்த வாரமே உங்கள் யூ.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பழைய நிறுவனங்களின் கணக்குகள் மாற்றப்பட்டிருக்கின்றனவா, பணியிலிருந்து விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா, கல்யாணத்துக்குப் பிறகு நாமினியை மாற்றினீர்களா என்று சரிபாருங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தை நம்பி அதிக காலம் வாழப்போவது அவராகவும் இருக்கலாம்.