கூடாரத் தொழிலாளர் வீட்டில் ஒரு கல்விமான்



கல்லூரி இளைஞர்களை விசுவாசத்தில் வளர்ப்பது குருக்களின் வேலை, படித்தவர்களின் வேலை என்று ஒதுங்கும் தம்பதிகள் நம்மிடையே பலர். அவர்கள் திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நலம்.

அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கணவனும் மனைவியும். கிளவுதியுப் பேரரசன் யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு இடம்பெயர்ந்தவர்கள். கூடாரம் செய்து பிழைத்தவர்கள். இடப்பெயர்வு என்றால் என்னவென்று கனகராயன்குளத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் கதவை அடைத்துக்கொள்ளவில்லை. பவுலுக்கு வீட்டில் இடம் கொடுத்தார்கள்.

பின்னர் எபேசில் அப்பொல்லோவைக் கண்டார்கள். அவர் அலக்சாந்திரியாவில் பிறந்தவர். மறைநூல் அறிவும் நாவன்மையும் மிக்கவர். ஆனால் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். தொழுகைக்கூடத்தில் பலர் முன்னிலையில் அவரை அவர்கள் மடக்கவில்லை. தனியே அழைத்துப்போய்த் தெளிவாக விளக்கினார்கள். கல்விமானும் தொழிலாளரிடம் கற்க நாணவில்லை. பவுல் கொரிந்தில் நட்ட பயிருக்குப் பின்பு நீர் பாய்ச்சியவர் இவரே (1 கொரி 3:6).

நமக்குத் தெற்கே பம்பைமடுவில் 2021இல் உருவான வவுனியாப் பல்கலைக்கழகம்; வடக்கே அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பீடங்கள். வீட்டைப் பிரிந்து படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது பிரசங்கம் அன்று. ஒருவேளைச் சோறு, பொறுமையாகக் கேட்கும் காது, தனிமையில் சொல்லப்படும் உண்மை.

சிந்திக்க:

1. நம் வீட்டுக் கதவை எந்த மாணவர் தயக்கமின்றித் தட்டுவார்?

2. பிள்ளைகளின் தவறைச் சபையில் சொல்கிறோமா, தனியே சொல்கிறோமா?